சாட்சியும் சரக்கும்: தங்கும் விடுதிகள் இணையத் தேடலில் இடம்பிடித்த வரலாறு

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு லாட்ஜ். அதன் வாசல் கண்ணாடிக் கதவில் ஒரு பயண மதிப்பீட்டுத் தளத்தின் ஸ்டிக்கர், வெயிலில் வெளிறிப்போய் ஒட்டியிருக்கிறது. அதே சின்னம் லாட்ஜின் இணையதளத்திலும் அடிவரியில் இருக்கிறது. அதைத் தொட்டால் லாட்ஜை விட்டு மதிப்பீட்டுத் தளத்துக்குப் போய்விடுகிறோம். இந்த ஆய்வுக்காக அந்த லாட்ஜின் பெயரை அப்படியே கூகுளில் தட்டிப் பார்த்தேன். முதலில் வந்தது ஒரு முன்பதிவு நிறுவனத்தின் விளம்பரம், தலைப்பில் லாட்ஜின் பெயரோடு. அடுத்தது இன்னொரு முன்பதிவு நிறுவனம். பிறகு மதிப்பீட்டுத் தளம். லாட்ஜின் சொந்தத் தளம் நான்காவது. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தனக்கு முன்னால் மூன்று பேர் வந்து நிற்கிற நிலைமை ஒரு விடுதிக்காரருக்கு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரு தளம் இன்னொரு தளத்துக்குப் போடுகிற இணைப்பு, பிறப்பில் ஒரு சாட்சி. ‘அங்கே போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கிறது’ என்று ஒருவர் இன்னொருவருக்காகச் சொல்வது. அந்தச் சாட்சிக்கு விலை உண்டு என்று தெரிந்த அன்றே அது சரக்காக மாறத் தொடங்கியது. சரக்கானதும், பட்டியலைக் கையில் வைத்திருந்தவர் குறுக்கே ஒரு கோடு போட்டார். தமிழ்நாட்டில் ‘பேக்லிங்க் எடுத்துத் தருகிறோம்’ என்று சொல்லித் தொழில் நடத்துபவர்களும் அதை வாங்கும் விடுதிக்காரர்களும் நிற்பது இந்த நீண்ட இழுபறியின் நடுவில்தான். ஆனால் இழுபறி இணையத்துக்கு மூத்தது.

அச்சில் வந்த பரிந்துரை

காசிக்குப் போன நகரத்தாருக்கு எங்கே தங்குவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. சத்திரம் இருந்தது, அதன் முகவரி வாய்வழியே ஊருக்கு ஊர் வந்து சேர்ந்தது. முன்பின் அறியாத ஊருக்குப் போகிற, அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லாத பயணிக்குத்தான் அச்சடித்த சாட்சி தேவைப்பட்டது. லண்டனில் ஜான் மர்ரி தன் கையேட்டு வரிசையை 1836இல் தொடங்கினார். இந்தியாவுக்கான அவருடைய கையேடு 1859இல் சென்னை, பம்பாய் மாகாணங்களோடு வந்தது. ஜெர்மனியின் பேடெக்கர் நிறுவனம் பார்க்கத் தகுந்தவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டது. ஓட்டல்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பதில்லை என்பதை அது கொள்கையாகவே அறிவித்திருந்தது.

டயர் நிறுவனமான மிஷலின் 1900இல் வெளியிட்ட வழிகாட்டி இலவசமாக வழங்கப்பட்டது, உள்ளே விளம்பரங்கள் இருந்தன. 1920இல் அதற்கு விலை வைத்தார்கள். காசு கொடுத்து இடம்பிடிக்கும் விளம்பரத்தை நீக்கினார்கள். 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வந்தது. விளம்பரத்தை விலக்கிய பிறகே நட்சத்திரம் வந்தது என்ற இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காசுக்குக் கிடைக்காது என்று வாசகர் நம்பினால்தான் ஒரு நட்சத்திரத்தால் ஓர் ஓட்டலை நிரப்ப முடியும். பின்னாளில் தேடுபொறிகள் வந்து முட்டியதும் இதே சுவரில்தான்.

திரையின் முதல் வரி

பட்டியலில் மேலே இருப்பது எவ்வளவு பெறும் என்பது முதன்முதலில் எண்ணாகத் தெரிந்தது விமானத் தொழிலில். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சேபர் கணினி முன்பதிவு முறை 1976இலிருந்து பயண முகவர்களின் மேசைக்கு வந்தது. 1982இல் அந்நிறுவனமே நடத்திய ஆய்வில், முகவர்கள் பாதிக்கும் மேற்பட்ட தடவை திரையின் முதல் வரியில் இருந்த விமானத்தையே எடுத்தார்கள் என்றும், 92 விழுக்காடு தடவை முதல் திரையைத் தாண்டவே இல்லை என்றும் தெரியவந்தது. முதல் வரிக்கு இத்தனை பலம் என்றால் அதில் யார் வருவது என்பதைத் திரைக்குச் சொந்தக்காரர் சும்மா விட்டுவைப்பாரா? சொந்த விமானங்களை மேலே தள்ளும் ஏற்பாடு நடந்தது. போட்டி நிறுவனங்கள் முறையிட்டன. 1984இல் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து வாரியம் அப்படிச் சாய்த்துக் காட்டுவதைத் தடைசெய்தது.

கூகுள் பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சண்டை ஒருமுறை முழுதாக நடந்து முடிந்துவிட்டது. முதல் பக்கம், முதல் வரி, தனக்கே முன்னுரிமை, அரசின் தலையீடு எல்லாமே அதில் இருந்தன. ஓட்டல் துறையில் ஹாலிடே இன் 1965இலேயே ஹாலிடெக்ஸ் என்ற சொந்தக் கணினி வலையை வைத்திருந்தது. 1989இல் பெரிய ஓட்டல் குழுமங்கள் கூட்டாக ஒரு இணைப்பு நிறுவனத்தை உருவாக்கி முகவர்களின் திரைகளுக்குள் நுழைந்தன. அந்தத் திரைகளில் சின்ன லாட்ஜுக்கு இடம் இல்லை. அதற்கு மஞ்சள் பக்கத் தொலைபேசிக் கையேடும், பேருந்து நிலைய வாசலில் நிற்கும் ஆளும்தான் கதி.

இணைப்புக்கு விலை வந்த கதை

இணையம் அந்தக் கதவைத் திறந்தது. 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபிலோவும் கையால் தொகுக்கத் தொடங்கிய பட்டியல்தான் யாகூ. அதில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்தது ஒரு மனிதர். பிற்பாடு வணிகத் தளங்கள் பரிசீலனைக்கே ஆண்டுக்கு 299 டாலர் கட்ட வேண்டியிருந்தது. 1998இல் தன்னார்வலர்களை வைத்துத் தொடங்கிய ஓப்பன் டைரக்டரி கட்டணம் இல்லாமல் அதே வேலையைச் செய்தது. அதே காலத்துத் தேடுபொறிகள் பக்கத்தில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்து வரிசைப்படுத்தின. அதனால் விடுதிகளின் பக்கங்களில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ‘சீப் ஹோட்டல், பெஸ்ட் ஹோட்டல்’ என்று நூறு தடவை எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சி எவ்வளவு செல்லும் என்பது நமக்குத் தெரிந்ததே.

லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் பிரிஸ்பேன் மாநாட்டில் முன்வைத்த கட்டுரை இதற்குச் சொன்ன மாற்று எளிமையானது: பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை விட, மற்றவர்கள் அதைச் சுட்டுவதை எடைபோடு. அறிவியல் கட்டுரைகளில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார் என்று எண்ணிய யூஜின் கார்ஃபீல்டின் மரபில் வந்த சிந்தனை அது. எல்லா இணைப்பும் ஒரே எடை அல்ல. பலரால் சுட்டப்படும் ஒருவர் உன்னைச் சுட்டினால் உன் எடை கூடும். அவர் நூறு பேரைச் சுட்டினால் அந்த எடை நூறாகப் பங்குபோகும். சுற்றுலாத் துறைத் தளமோ ஒரு நாளிதழோ போடும் ஓர் இணைப்பு, பேரறியாத ஐம்பது தளங்களின் இணைப்புக்குச் சமமாகலாம். ஊரில் பெரியவர் ஒருவர் சொல்லும் சொல்லுக்கும் வழிப்போக்கர் சொல்லுக்கும் நாம் வைக்கும் வித்தியாசமேதான்.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் கூகுள் ஒரு காரியம் செய்தது. தன் டூல்பாரில் ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கையும், அதாவது மேலே சொன்ன அந்த எடையை, 10க்கு இத்தனை என்று பச்சைப் பட்டையாகக் காட்டியது. இந்த வரலாற்றின் திருப்பம் அதுதான் என்று கருதுகிறேன். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த மதிப்புக்கு விலைச்சீட்டு ஒட்டியாகிவிட்டது. ‘பேஜ்ரேங்க் 6 தளத்திலிருந்து இணைப்பு, மாதத்துக்கு இவ்வளவு’ என்று சந்தை கூடியது. விடுதிகளின் தளங்களில் ‘லிங்க்ஸ்’ என்று ஒரு பக்கம் முளைத்தது. கோவா கடற்கரை ரிசார்ட் ஸ்விட்சர்லாந்துப் பனிச்சறுக்கு விடுதியைச் சுட்டும், அது பதிலுக்கு இதைச் சுட்டும். இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது.

2003 நவம்பரில் கூகுளின் வரிசைப்படுத்தலில் ஃப்ளோரிடா என்று பெயர்பெற்ற மாற்றம் வந்து வணிகத் தேடல்களைக் கலைத்துப்போட்டது. பண்டிகைக் கால வருமானத்தை நம்பியிருந்த பல தளங்கள் ஒரே வாரத்தில் காணாமல் போயின. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து ‘நோஃபாலோ’ குறியை ஏற்றன. இணைப்பு இருக்கலாம், ஆனால் இதைச் சாட்சியாக எண்ணாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. மிஷலின் 1920இல் போட்ட கோட்டின் இன்னொரு வடிவம்.

கோடு போட்டதும் வேலை இந்தியாவுக்கு வந்தது. சென்னையிலும் கோவையிலும் கல்லூரி முடித்த பிள்ளைகள் பலர் ‘டைரக்டரி சப்மிஷன்’ வேலையில்தான் முதல் சம்பளம் வாங்கினார்கள். வேலை இதுதான்: ஒரு எக்செல் தாளில் நூற்றுக்கணக்கான பட்டியல் தளங்களின் முகவரி இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, எங்கோ அயல்நாட்டில் உள்ள ஒரு விடுதியின் பெயர், முகவரி, 25 சொல்லில் விவரம், சுட்டும் சொல் ஆகியவற்றை நிரப்பி, படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்துகளைப் படித்துத் தட்டி, ‘சப்மிட்’ அழுத்த வேண்டும். விவரத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் நகல் என்று தள்ளிவிடும். அந்த விடுதியின் கடலை அவர்கள் பார்த்ததில்லை. பார்க்காத கடலுக்கு ஆயிரம் சாட்சி எழுதினார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அதை வாங்கியவர்கள் அதன் பலன் எத்தனை நாள் நிற்கும் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற கூகுளின் அடுத்த மாற்றம் வந்தது. ஒரே சுட்டுச்சொல்லோடு மலிவான தளங்களிலிருந்து குவிந்த இணைப்புகளைக் கண்டுபிடித்து, அவற்றைப் பெற்ற தளங்களைக் கீழே இறக்கியது. அந்த அக்டோபரில், எங்களுக்கு வேண்டாத இணைப்புகள் இவை என்று எழுதிக்கொடுக்கும் வசதியையும் கூகுள் தந்தது. காசு கொடுத்து இணைப்பு வாங்கிய விடுதிகள், அதை எடுத்துவிட மறுபடியும் காசு கொடுத்தன. பெரியவர்களும் தப்பவில்லை. 2014 ஜனவரியில் முன்பதிவு நிறுவனமான எக்ஸ்பீடியாவின் தேடல் தெரிவுநிலை ஏறத்தாழ 25 விழுக்காடு விழுந்ததாகத் தேடல் ஆய்வு நிறுவனமான சர்ச்மெட்ரிக்ஸ் கணக்கிட்டது. இணைப்புகளைக் காசுக்குப் பெற்றதாக அந்நிறுவனத்தின் மீது புகார் எழுந்திருந்த நேரம் அது. பங்கு விலையும் சரிந்தது. எக்ஸ்பீடியா எழுந்துவிட்டது. அதேபோல விழுந்த பதினைந்து அறை விடுதி எழ, அதன் உரிமையாளருக்கு என்ன நடந்தது என்பதே புரிந்திருக்க வேண்டுமே!

சாட்சி கைமாறிய விதம்

இனி கும்பகோணத்துக் கண்ணாடிக் கதவுக்கு வரலாம். மதிப்பீட்டுத் தளமான ட்ரிப்அட்வைசர் 2000இல் தொடங்கியது. நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் 1996இல் பிறந்த புக்கிங்ஸ் நிறுவனத்தை 2005இல், பின்னாளில் புக்கிங் குழுமம் என்று பெயர்மாறிய பிரைஸ்லைன் ஏறத்தாழ 13 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தின் ஆக்டிவ் ஹோட்டல்ஸை வாங்கியிருந்தது. இத்தகைய தளங்கள் தேடலில் விடுதிகளை முந்தியதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பணம். பணம் பெரிய காரணம்தான். புக்கிங் குழுமம் 2019இல் மட்டும் சந்தைப்படுத்தலுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் செலவழித்தது. ஆனால் பணத்தோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான்.

மீதிக் கதை இணைப்பின் திசையில் இருக்கிறது. மதிப்பீட்டுத் தளம் ‘சிறந்த விடுதி’ என்று ஒரு சின்னத்தைக் கொடுத்தது. விடுதிக்காரர் பெருமையோடு அதைத் தன் தளத்தில் ஒட்டினார். அந்தச் சின்னத்துக்குள் ஓர் இணைப்பு இருந்தது. உலகெங்கும் எண்ணற்ற விடுதிகள், ஒவ்வொன்றும் தன் ஊரில் நம்பகமான பெயர், எல்லாம் சேர்ந்து ஒரே தளத்துக்குச் சாட்சி சொல்லின. எடை அங்கே போய்க் குவிந்தது. ‘கும்பகோணத்தில் தங்கும் விடுதிகள்’ என்று யாராவது தேடினால் அந்த எடையோடு வருகிற பட்டியல் பக்கத்துக்கு எதிரே ஒற்றை லாட்ஜ் எப்படி நிற்கும்?

இன்னொரு வாய்க்கால் பயண எழுத்தாளர்கள் வழியாக ஓடியது. முன்பு ஒருவர் தான் தங்கிய விடுதியைப் பற்றி எழுதினால் விடுதியின் சொந்தத் தளத்துக்கு இணைப்புப் போடுவார். முன்பதிவு நிறுவனங்கள் கூட்டாளித் திட்டம் கொண்டுவந்தன. தங்கள் பக்கத்துக்கு இணைப்புப் போட்டு, அதன் வழியே அறை பதிவானால் எழுதியவருக்குப் பங்கு. எழுதியவரும் சாப்பிட வேண்டுமே, இணைப்பு அங்கே திரும்பியது. பாராட்டு விடுதிக்கு, சுட்டு முன்பதிவு நிறுவனத்துக்கு. விடுதி அந்த விருந்தினருக்காக 15 முதல் 25 விழுக்காடு வரை கமிஷன் கட்டியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஆண்டர்சன் 2009இல் நான்கு ஓட்டல்களை எக்ஸ்பீடியா பட்டியலில் சேர்த்தும் விலக்கியும் பார்த்தார். பட்டியலில் இருந்தபோது ஓட்டல்களின் பிற வழிப் பதிவுகள் 7.5 முதல் 26 விழுக்காடு வரை கூடின. நெடுஞ்சாலை விளம்பரப் பலகைபோல, அங்கே பார்த்துவிட்டு நேரே ஓட்டலுக்கு வந்தார்கள். ஆனால் பலகையில் பார்த்தவர் பிறகு ஓட்டலின் பெயரைத் தேடும்போது ஓட்டலே முதலில் வர வேண்டும். அந்தப் பெயரையே விளம்பரச் சொல்லாக மற்றவர் ஏலம் எடுத்தால் அந்த ஆதாயம் கரைந்துவிடும். பிறர் பெயரை இப்படி விளம்பரச் சொல்லாக எடுப்பது குழப்பம் விளைவிக்காதவரை வணிகச்சின்ன மீறல் ஆகாது என்று மேக்மைட்ரிப் தொடர்ந்த வழக்கில் 2023 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. முன்பதிவு நிறுவனங்கள் தங்களுக்குள் போட்ட சண்டை அது. தீர்ப்பின் தர்க்கம் லாட்ஜுகளுக்கும் பொருந்தும்.

விலையிலும் கைகள் கட்டப்பட்டிருந்தன. எங்கள் தளத்தில் உள்ள விலைக்குக் குறைவாக வேறெங்கும் தரக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், சொந்தத் தளத்துக்கு வந்தவரைத் தக்கவைக்க விடுதிக்கு வழியில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு ரூ.223.48 கோடியும் ஓயோவுக்கு ரூ.168.88 கோடியும் அபராதம் விதித்து, இத்தகைய நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கச் சொன்னது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த நிபந்தனைக்குப் புக்கிங் சொன்ன சமாதானத்தை ஏற்கவில்லை.

வரைபடமும் நம் சொற்களும்

கூகுள் மேப்ஸ் 2005இல் வந்தது. 2015 ஆகஸ்டில் தேடல் முடிவில் காட்டும் உள்ளூர் இடங்கள் ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தன. இங்கே இணைப்பு மட்டும் போதாது. கேட்டதோடு பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு என்று மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. கேட்பதற்கு நியாயமான அளவுகோல். நம் ஊரில் அது மாட்டிக்கொள்வது சொல்லில்.

தமிழில் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. தங்குவதற்கு லாட்ஜ். சாப்பாடு மட்டும் வீட்டுமுறையில் போட்டால் மெஸ். கூகுளின் வகைப்பட்டியலில் ஹோட்டல் என்றால் படுக்கை. மதுரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் தன் கடைப் பெயரில் ‘ஓட்டல்’ இருக்கிறதே என்று வகையிலும் ‘ஹோட்டல்’ என்று தேர்ந்துவிட்டார். அவருடைய பக்கத்தில் மெனுவைச் சேர்க்கும் இடம் இல்லை. அறைக்குள் நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் கேட்டது. இரவு பதினொரு மணிக்குப் பெட்டியோடு வந்து ரூம் கேட்ட குடும்பத்தை அவர் பக்கத்து லாட்ஜுக்கு அழைத்துப்போய் விட்டிருக்கிறார். ‘உணவகம்’ என்று வகையை மாற்றிய பிறகே பகல் சாப்பாட்டுக்காரர்கள் அவரைத் தேடலில் கண்டார்கள்.

ஊர்ப்பெயர் அடுத்த சிக்கல். மாமல்லபுரமா மகாபலிபுரமா, உதகையா உதகமண்டலமா ஊட்டியா, தரங்கம்பாடியா டிராங்குபாரா? அரசுப் பலகையில் ஒன்று, பயணியின் நாக்கில் இன்னொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டலில் மூன்று. ஒரு விடுதியின் பெயரும் முகவரியும் பல இடங்களில் ஒரே மாதிரி இருந்தால்தான் இது எல்லாம் ஒரே விடுதி என்று தேடுபொறி உறுதியாக எடுத்துக்கொள்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. உச்சரிப்பு நியாயம் அந்த ஆணையில் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அது நிலைத்திருந்தால் கோயம்புத்தூர் விடுதிகள் ஒவ்வொன்றும் எத்தனை பட்டியலில் தன் முகவரியைத் திருத்தியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

செட்டிநாடு இதற்கு நேரெதிரான பாடம். காரைக்குடியில் ‘தி பங்களா’ 1999இல் விருந்தினருக்குத் திறந்தது. கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் பழைய வீடுகள் அடுத்தடுத்து விடுதிகளாயின. இந்த வீடுகளைப் பற்றி எழுதுபவர் விடுதியை மட்டும் எழுத முடியாது. ஆத்தங்குடி ஓடும், பர்மாத் தேக்கும், சமையலும் சேர்ந்தே வரும். கட்டடக்கலை பயில்பவர், சமையல் எழுதுபவர், ஓடு சேகரிப்பவர் என்று வெவ்வேறு துறைக்காரர்கள் தத்தம் காரணத்துக்காகச் சுட்டுகிறார்கள். அந்தச் சமையலறையிலிருந்து ‘தி பங்களா டேபிள்’ என்று ஒரு சமையல் நூலே 2014இல் வந்தது. எந்தத் தேடுபொறி மாற்றம் வந்தாலும் இத்தகைய சுட்டுதல்கள் குற்றப்பட்டியலில் ஏறுவதில்லை. யாரும் அவற்றை எக்செல் தாளில் நிரப்பவில்லை.

2021 மார்ச்சில் கூகுள் தன் ஓட்டல் தேடலில் விடுதிகளின் சொந்தப் பதிவுப் பக்கங்களுக்குக் கட்டணமில்லாமல் இடம் கொடுத்தது. 2024 நவம்பரில், ஐரோப்பியச் சட்டத்தின் நெருக்கடியில், ஜெர்மனி, பெல்ஜியம், எஸ்டோனியா ஆகிய நாடுகளில் ஓட்டல் வரைபடத்தையும் விலைப்பெட்டியையும் எடுத்துவிட்டுப் பழைய வெறும் இணைப்புப் பட்டியலைக் காட்டிச் சோதித்தது. ஓட்டல்களுக்குப் போன வருகை 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாகவும், இடைத்தளங்களுக்குக் குறையவில்லை என்றும் அது அறிவித்தது. கூகுள் இந்த விவகாரத்தில் ஒரு தரப்பு என்பதை நினைவில் வைத்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் அது மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறது. இருபது ஆண்டுகளாகக் குவிந்த எடை யாரிடம் இருக்கிறதோ, வெறும் பட்டியலில் அவர்கள்தான் மேலே வருவார்கள்.

கும்பகோணத்து லாட்ஜ் உரிமையாளரின் மகள் சென்ற ஆண்டு தங்கள் தளத்தில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதுக்கும் டவுன் பஸ் எங்கே ஏறுவது, எந்தக் கோயில் பகலில் எத்தனை மணிக்கு நடை சாத்தும், ஒரே நாளில் எந்த வரிசையில் போனால் திரும்பலாம் என்று, கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்விகளுக்கு அப்பா சொல்லிவந்த பதில்களையே தட்டச்சு செய்தது. அந்தப் பக்கத்தை இரண்டு பக்தர் குழுக்களின் தளங்களும், மலேசியாவிலிருந்து யாத்திரை வருகிற ஒரு சங்கத்தின் தளமும் சுட்டியிருக்கின்றன. யாரும் கேட்டு வாங்கவில்லை. அடிவரியில் இருந்த சின்னத்தை அவர் இன்னும் எடுக்கவில்லை; அப்பாவுக்கு அது ஆசை. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது, அதற்கு முன் தீர்த்தவாரிக்கு எந்தெந்தத் தெரு அடைபடும் என்பதையும் சேர்க்க வேண்டும் என்று, சென்ற தடவை 2016இல் அப்பா எழுதிவைத்த நோட்டை எடுத்துக் காட்டினார்.